ராட்டினம் சுத்தினா தண்ணி வருமாம்!

ஒரு ஐடியா சொல்றேன். நல்லாயிருக்கான்னு நீங்களே சொல்லுங்க.

ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்து ஸ்கூல். குடிக்கத் தண்ணீர் இல்லை. கிரவுண்டில் ஒரு போர் போட்டு, அதன் தலைமேல் ராட்டினத்தை மாட்டுகிறோம். இன்டர்வெல் பெல் அடிச்சதும் பசங்க ஏறிச் சுத்துவாங்க. சுத்தச் சுத்த, கீழே இருக்கும் பம்பு தண்ணீரை இழுத்து, பக்கத்தில் உயரமாக நிற்கும் 2,500 லிட்டர் டேங்கில் கொட்டும். கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம். டேங்கின் நாலு பக்கமும் விளம்பரப் பலகை. இரண்டில் கம்பெனி விளம்பரம், இரண்டில் எய்ட்ஸ் விழிப்புணர்வு. அந்த விளம்பரக் காசிலேயே ரிப்பேர் செலவும் முடிஞ்சிடும்.

செம இல்ல? எந்த காலேஜ் சிம்போசியத்தில் வைத்தாலும் ஃபர்ஸ்ட் பிரைஸ் இதுக்குத்தான்.

நிஜத்திலும் கொடுத்தாங்க. தென்னாப்பிரிக்காவில் போர் போடும் தொழில் செய்த ரோனி ஸ்டைவர் என்பவரின் கண்டுபிடிப்பு இது. 1989ல் ஒரு விவசாயக் கண்காட்சியில் இதைப் பார்த்த விளம்பரத் துறைக்காரர் ட்ரெவர் ஃபீல்ட், உரிமையை வாங்கி 'பிளேபம்ப்' என்ற பெயரில் ஸ்கூல் ஸ்கூலாக நிறுவ ஆரம்பித்தார். 2000ல் உலக வங்கியின் விருது. 2006ல் பில் கிளின்டன் நியூயார்க்கில் நடத்திய மாநாட்டில், அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் மேடையேறி 1 கோடியே 64 லட்சம் டாலர் உதவியை அறிவித்தார். ராப் பாடகர் ஜே-ஸீ சப்போர்ட் வேற. 2010க்குள் 4,000 ராட்டினங்கள், 1 கோடி பேருக்குத் தண்ணீர் என்று டார்கெட் வைத்தார்கள். ஒரு ராட்டினத்துக்கு 2,500 பேர்.

இப்ப ஒரு சின்ன கணக்கு. கால்குலேட்டர் கையில இருந்தா எடுங்க, இல்லேன்னாலும் பரவாயில்லை.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேணும். இது பேரிடர் முகாம்களுக்கு வைத்திருக்கும் சர்வதேச அளவு. சொகுசுக் கணக்கு இல்லை. 2,500 பேருக்கு 37,500 லிட்டர். நிமிஷத்துக்கு 16 சுற்று விடாமல் சுத்தினால் மணிக்கு 1,400 லிட்டர் வரும் என்பது பிளேபம்ப்காரர்களே சொன்னது. வகுத்துப் பாருங்க.

கிட்டத்தட்ட 27 மணி நேரம். ஒரு நாளைக்கு!

2009ல் பிரிட்டனின் 'கார்டியன்' பத்திரிகை இந்த வகுத்தலைப் போட்டுக் காட்டியது. ஏழாங்கிளாஸ் கணக்கு. அதற்குள் கோடிக்கணக்கில் பணம் இறங்கி, நூற்றுக்கணக்கான ராட்டினங்கள் நிறுவப்பட்டுவிட்டன.

கணக்கை விடுங்க. பிசிக்ஸும் உதைக்குது. பார்க்கில் இருக்கிற ராட்டினத்தை ஒரு தள்ளு தள்ளிட்டு ஏறி உட்கார்ந்தா கொஞ்ச நேரம் அதுவா சுத்தும். அந்த சுகத்துக்குத்தான் குழந்தைகள் அதைத் தேடி ஓடுகிறார்கள். ஆனால் அடியில் தண்ணீரின் எடை தொங்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் தள்ளிக்கொண்டே இருக்கணும். கையை எடுத்தா நின்னுடும். எந்தக் குழந்தைக்கும் பத்து நிமிஷத்தில் அலுத்துப் போகும். அப்புறம் லீவு நாள்ல யார் சுத்துவது? சாயங்காலம் ஸ்கூல் விட்ட பிறகு சமையலுக்குத் தண்ணீர் எடுக்க வரும் அம்மாக்கள்தான். வயதான பெண்கள் இடுப்பை வளைத்து இந்த இரும்புச் சக்கரத்தைத் தள்ள வேண்டியதாயிற்று. ஊரே பார்க்க ராட்டினம் சுத்துவது எங்களுக்கு அவமானமாக இருக்கிறது என்று மொசாம்பிக்கில் பெண்கள் சொன்னார்கள்.

விலை? ஒன்றுக்குச் சுமார் 14,000 டாலர். சாதாரண அடிபம்பைப் போல நாலு மடங்கு. பல கிராமங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு அதே போரில் ராட்டினத்தை மாட்டியதுதான் கொடுமை. மலாவியில் வேலை செய்த ஒரு கனடா நாட்டு இளம் இன்ஜினீயர் ரெண்டையும் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒப்பிட்டார். ஒரு பக்கெட் நிரம்ப ராட்டினத்துக்கு மூணு நிமிஷத்துக்கு மேல். அடிபம்புக்கு அரை நிமிஷம்கூட ஆகலை.

ரிப்பேர் ஆனால்? டேங்கில் எழுதியிருக்கும் நம்பருக்கு போன் பண்ணணும். மெக்கானிக் வருவார், எப்பவாவது. 2010ல் அமெரிக்காவின் 'ஃப்ரன்ட்லைன்' டி.வி. குழு மொசாம்பிக் போனபோது மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற ராட்டினங்களைப் படம் பிடித்தது. விளம்பரப் பலகைகள் பல இடங்களில் காலி. பஸ்ஸே சரியா வராத ஊரில் எந்தக் கம்பெனி விளம்பரம் வைக்கும்? மார்க்கெட்டிங் படிக்கிற நண்பர்கள் யாராவது அப்பவே சொல்லியிருக்கலாம்.

திட்டத்துக்குப் பெரும் பணம் போட்ட கேஸ் ஃபவுண்டேஷன் 2010ல், 'எதிர்பார்த்தபடி நடக்கவில்லை' என்று வெளிப்படையாக எழுதியது. பல நிறுவனங்கள் இந்த மாதிரி விஷயத்தில் மூச்சே விடாது. அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட். இன்னொன்றும் சொல்லணும். நிறையப் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளி, ஆழம் குறைந்த போர், தேவை கொஞ்சம் தண்ணீர் என்றால் ராட்டினம் ஓடத்தான் செய்தது. எல்லா ஊருக்கும் இதுதான் மருந்துன்னு கிளம்பினதுதான் வம்பு.

கோயம்புத்தூரிலிருந்து உகாண்டா வரை

ராட்டினத்துக்கு வழிவிட்ட அந்த அடிபம்பின் கதைக்கு வருவோம். இதில் நம்ம ஊரும் இருக்கு.

உங்க தாத்தா பாட்டி ஊர்ல தெருமுனையில் ஒரு அடிபம்பு நின்றிருக்குமே, சிமென்ட் மேடை, நீளமான இரும்புக் கைப்பிடி, மேலே பெட்டி மாதிரி ஒரு தலை? அதன் பெயர் இந்தியா மார்க் 2. வீட்டுக் கிணற்றுக்காகச் செய்த வார்ப்பிரும்புப் பம்புகளை ஊர்ப் பொதுப் போரில் மாட்டி, அவை வரிசையாகப் படுத்துவிட்ட காலம் அது. ஒரு குடும்பம் அடிப்பதற்கும் ஊரே காலை முதல் ராத்திரி வரை அடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கில்ல? மகாராஷ்டிராவில் புழங்கிய சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெஃப் உதவியுடன் 1970களின் நடுவில் புது டிசைன் உருவானது. கோயம்புத்தூர் பக்கத்து ஆழமான போர்களில்தான் அதைப் போட்டு சோதித்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்ஸன் அண்டு குருடாஸ் தொழிற்சாலை அதைத் தயாரித்தது. அங்கிருந்து லட்சக்கணக்கில் பெருகி, ஆப்பிரிக்காவுக்கும் போனது. உகாண்டாவில் அதற்கு 'யு2' என்று பெயர். அங்கே ஏதோ ஒரு ஸ்கூல் வாசலில் யூனிஃபார்ம் போட்ட பொண்ணு ஒருத்தி தொங்கித் தொங்கி அடிக்கிற கைப்பிடி, நம்ம கொங்கு மண்ணில் டெஸ்ட் ஆன டிசைன்!

பெருமை போதும். மெக்கானிக்கல் மாணவனா இதோட மைனஸையும் சொல்றேன். இந்தப் பம்பில் அடிக்கடி தேய்வது உள்ளே சிலிண்டரில் இருக்கும் வாஷர். கையளவு சமாச்சாரம். ஆனால் அதை மாத்தணும்னா முப்பது, நாற்பது மீட்டர் இரும்புக் குழாய் மொத்தத்தையும் மேலே இழுக்கணும். நாலைந்து ஆள் பலமும் கனமான கருவிகளும் தேவை. நம்ம ஊரில் ஒன்றியத்து மெக்கானிக் வண்டியோடு வந்து செய்துவிட்டுப் போவார். ரோடே இல்லாத மலாவி கிராமத்துக்கு யார் வருவார்? அது மட்டுமில்லை, மேற்கு ஆப்பிரிக்காவின் பல இடங்களில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை உள்ளது. ஜி.ஐ. குழாய் உள்ளுக்குள் அரித்து, தண்ணீர் துரு நிறத்தில் வந்தது. துணி துவைத்தால் கறை, சோறு வடித்தால் நிறம் மாறும். ஜனங்க பம்பை விட்டுட்டுப் பழையபடி குட்டைத் தண்ணிக்கே போயிட்டாங்க. பம்பு நல்லாத்தான் ஓடுது, ஆனா யாரும் குடிக்கலை!

இந்தப் பாடத்தில் இருந்து பிறந்தது 'அஃப்ரிடெவ்'. 1981ல் மலாவியில் தொடங்கி, பிறகு கென்யாவின் தென்கோடிக் கடற்கரை மாவட்டமான க்வாலேயில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. இரும்புக் குழாய்க்குப் பதில் பி.வி.சி. குழாய் அகலமாக இருப்பதால் குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை அதன் வழியாக மேலே தூக்கிவிடலாம். கம்பிகளில் மரை கிடையாது, கொக்கி மாட்டுவதுபோல மாட்டிக் கழற்றலாம். முக்கியக் கருவி என்றால் ஒரே ஒரு ஸ்பேனர். டிசைனுக்கு காப்புரிமை எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். க்வாலே கிராமத்துப் பெண்களே ரிப்பேர் பண்ணக் கற்றுக்கொண்டார்கள். அப்போது போட்ட பம்புகளில் கணிசமானவை 25 வருஷம் கழித்தும் தண்ணீர் தந்துகொண்டிருந்தன.

'கிராமத்து ஆளே ரிப்பேர் பண்ணக்கூடிய டிசைன்' என்பதை நம்ம மெஷின் டிசைன் சிலபஸில் எந்த யூனிட்டில் வெச்சிருக்காங்கன்னு நானும் தேடிக்கிட்டிருக்கேன். ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின், ஃபாக்டர் ஆஃப் சேஃப்டி எல்லாம் இருக்கு. ஸ்பேனர் எத்தனைன்னு ஒரு கேள்வியும் இல்லை.

ஈ பிடிக்கும் டாய்லெட்

தண்ணீர் வந்தாச்சு. ஸ்கூலுக்கு அது போதுமா? டாய்லெட்? மூக்கைப் பிடிக்காமப் படிங்க, இதுல ஒரு அழகான இன்ஜினீயரிங் இருக்கு.

கிராமத்து ஸ்கூலில் பாதாளச் சாக்கடையோ ஃப்ளஷ் தண்ணீரோ எதிர்பார்க்க முடியாது. குழி டாய்லெட்தான். அதில் இரண்டு தொல்லை: நாற்றம், ஈ. அங்கே உட்கார்ந்த ஈ நேரே சாப்பாட்டுத் தட்டுக்கு வரும். வயிற்றுப்போக்கு கூடவே வரும். 1970களில் இன்றைய ஜிம்பாப்வேயில், பிளேர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்த பீட்டர் மார்கன் சேர்த்தது ஒரே ஒரு குழாய். குழியிலிருந்து கூரைக்கு மேலே வரை நீளும் காற்றுக் குழாய், அதன் வாயில் ஒரு வலை. வெளியே காற்று வீசும்போது குழாய் உச்சியில் அழுத்தம் குறைந்து, உள்ளேயிருக்கும் நாற்றத்தை இழுத்து வெளியேற்றும். (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வெச்சிருக்கிறவங்க இந்த இடத்தை ரெண்டு தடவை படிக்கவும்.) அறையை மட்டும் இருட்டாக வைக்கணும். ஈக்கு வெளிச்சம் பிடிக்கும். குழிக்குள் இருக்கும் ஈ, குழாய் வழியாகத் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்து மேலே பறந்து வலையில் முட்டிச் சாகும். கதவைத் திறந்தே போட்டுட்டாலும் கெட்டுப்போகக்கூடாதுன்னு, நத்தை ஓடு மாதிரி வளைந்த சுவர் வைத்துக் கதவே இல்லாமல் கட்டினார்.

ஒரே மாதிரி இரண்டு டாய்லெட்டில், ஒன்றில் குழாய் வைத்து, ஒன்றில் வைக்காமல் 78 நாட்கள் ஈ பிடித்து எண்ணினார்கள். குழாய் இல்லாததில் 13,953 ஈக்கள். குழாய் வைத்ததில் 146. அதை உட்கார்ந்து எண்ணின ஆளுக்குத் தனியா ஒரு டாக்டர் பட்டம் கொடுக்கலாம். மார்கனுக்கு 2013ல் ஸ்டாக்ஹோம் நீர் விருது கிடைத்தது.

இவ்வளவு எளிமையான, சிமென்டும் வலையும் இருந்தால் கட்டக்கூடிய விஷயம். ஆனாலும் 2014 ஜனவரி 20 அன்று, தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் மைக்கேல் கொமாபே என்ற 5 வயதுச் சிறுவன் டாய்லெட்டுக்குப் போனான். பள்ளியில் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. அவன் உட்கார்ந்த பழைய இருக்கை உடைந்து, குழிக்குள் விழுந்து இறந்துபோனான்.

ஏழை நாடு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2010ல் உலகக் கோப்பைக்காக ஸ்டேடியங்கள் கட்டிய நாடு அது. டாய்லெட் மோசமாக இருப்பதாகப் பள்ளியிலிருந்து அதிகாரிகளுக்கு முன்பே கடிதம் போயிருந்தது கோர்ட்டில் வெளிவந்தது. பெற்றோர் வருஷக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2019 டிசம்பரில்தான் அப்பீல் கோர்ட் அவர்களுக்கு இழப்பீடு தரச் சொன்னது. நடுவில் 2018 மார்ச்சில், ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் இன்னொரு 5 வயதுச் சிறுமி இதே போல இறந்தாள். அதற்குப் பிறகு எடுத்த கணக்கில், ஆபத்தான குழி டாய்லெட்டை மட்டும் நம்பியிருந்த பள்ளிகள் மூவாயிரத்துக்கும் மேல். 2025 ஏப்ரலில், அந்தப் பட்டியலில் 96 சதவீதம் முடிந்துவிட்டது என்று அமைச்சர் அறிவித்தார். பட்டியலில் வராத பள்ளிகளும் உண்டு என்று அங்குள்ள அமைப்புகள் சொல்கின்றன.

சோப்பு எங்கே?

புது டாய்லெட் கட்டிட்டா பிரச்னை முடிஞ்சதுன்னு நினைக்கிறீங்களா? கென்யாவுக்கு வாங்க.

2003ல் கென்ய அரசு ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை ரத்து செய்தது. ஒரே வருஷத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கூடுதலாக வந்து சேர்ந்தார்கள். சந்தோஷமான செய்திதான், டாய்லெட் க்யூவைத் தவிர. 25 பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, 30 பையன்களுக்கு ஒன்று என்பது அரசு விதி. நடைமுறையில் அதைவிடப் பல மடங்குப் பிள்ளைகள் ஒரு கதவு முன்னால் நின்றார்கள். மேற்கே நியான்ஸா மாகாணத்தில், 185 பள்ளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சில பள்ளிகளுக்குக் கை கழுவ, குடிக்கத் தனித்தனிப் பாத்திரங்களும் குடிநீரில் கலக்கும் குளோரின் மருந்தும் சுகாதாரப் பயிற்சியும் கொடுத்தார்கள். சிலவற்றுக்கு அதோடு புது டாய்லெட்டும். மீதிக்கு அப்போது எதுவும் இல்லை.

மொத்தமாகப் பார்த்தால் பிள்ளைகள் லீவு போடுவது பெரிதாகக் குறையவில்லை. ஆனால் ஒரு பகுதியில் மட்டும் பெண் பிள்ளைகள் லீவு போடும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. பையன்களிடம் அந்த மாற்றம் இல்லை. பீரியட்ஸ் நாளில் கதவும் தண்ணீரும் இல்லாத ஸ்கூலுக்கு ஒரு பெண் ஏன் வரணும்னு இதைப் படிக்கிற தோழிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஷாக் அடித்த ரிசல்ட் இன்னொன்று. புது டாய்லெட் கிடைத்த பள்ளிகளில் பெண் பிள்ளைகளின் கையைத் துடைத்துச் சோதித்தபோது, மலக் கிருமியான ஈ.கோலை முன்பைவிட அதிகம் இருந்தது! டாய்லெட் சுத்தமாக இருந்ததால் அதிகம் பேர் பயன்படுத்தினார்கள். உள்ளே துடைக்கக் காகிதமோ கழுவத் தண்ணீரோ இல்லை. வெளியே சோப்பு இல்லை. கட்டடத்துக்கு பட்ஜெட் இருந்தது, சோப்புக்கு இல்லை. சோப்புக் கட்டி வைத்தால் காணாமல் போகும் (ஹாஸ்டலில் இருக்கிறவங்களுக்கு இது தெரியும்) என்பதால், சோப்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து பாட்டிலில் வைக்கும் வழிக்குப் பிறகு போனார்கள். வருஷம் முழுக்க அந்தத் தூளை வாங்குவது யார் என்பது அங்கே ஹெட்மாஸ்டருக்குத் தினசரித் தலைவலி.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட எல்லாரும் வருகிறார்கள். அதற்குப் பிறகு வரும் மூன்றாவது வருஷம்தான் பரீட்சை. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் சேகரித்த விவரங்களை அலசி 2016ல் வெளியான ஆய்வின்படி, புதிதாகப் போட்ட தண்ணீர்க் குழாய்களில் நாலாவது வருஷத்துக்குள் நாலில் ஒன்று ஓடவில்லை. நம்ம நாலு வருஷ பி.இ. முடியறதுக்குள்ள ஒண்ணு காலி.

இதை உருப்படியாகத் தொட்ட ஒரு வேலை கென்யாவின் க்யூஸோவில் நடந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அடிபம்பின் கைப்பிடிக்குள் சின்ன டிரான்ஸ்மிட்டரை ஒளித்து வைத்தது. உள்ளே இருப்பது செல்போன் ஸ்கிரீனைத் திருப்பினால் படம் திரும்ப உதவும் அதே ஆக்ஸிலரோமீட்டர். கைப்பிடி எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதை எண்ணி எஸ்.எம்.எஸ்.ஸாக அனுப்பும். எண்ணிக்கை திடீரென்று விழுந்தால் பம்பு படுத்துவிட்டது என்று அர்த்தம். மெக்கானிக் கிளம்பிவிடுவார். 2013ல் சோதித்தபோது, முன்பு ரிப்பேருக்குச் சராசரியாக 27 நாள் காத்திருந்த ஊர்களில் அது 3 நாளுக்கும் கீழே இறங்கியது. ஈ.சி.ஈ. மக்களே, உங்க மினி புராஜெக்ட் அளவு சமாச்சாரம்தான். ஆனா சென்சார் மெசேஜ் மட்டும்தான் அனுப்பும். ஸ்பேனரோட ஒரு ஆள் போகணும், அவருக்குச் சம்பளம் வேணும்.

அதற்காகத்தான் 'ஃபுண்டிஃபிக்ஸ்' வந்தது. ஸ்வாஹிலி மொழியில் ஃபுண்டி என்றால் மெக்கானிக். ஊர்க்காரர்களும் பள்ளிகளும் மாதக் கட்டணம் கட்டணும், பம்பு நின்றால் மூன்று நாளுக்குள் சரி செய்து தரணும் என்பது ஒப்பந்தம். கிடுயி, க்வாலே என்ற இரண்டு மாவட்டங்களில் நடக்கிறது. கட்டணம் மட்டும் செலவுக்குப் பத்துவதில்லை. மீதி ஓர் அறக்கட்டளை நிதியிலிருந்து வருகிறது. ராட்டினம் வாங்கித் தருகிறேன் என்று வந்த பணக்காரர்களைத் திரட்டியது சுலபம். வாஷர் மாத்துற சம்பளத்துக்கு, அதுவும் மாசா மாசம் காசு கொடுக்கிற ஆளைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.